காதுக்குள் வைத்த கருவிக்கு யார் பொறுப்பு?

செல்போனில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அம்மா மடியில் ஒரு குழந்தை, காதுக்குப் பின்னால் புதிதாக ஒரு கருவி. யாரோ கணினியில் எதையோ தட்டுகிறார்கள். குழந்தை சட்டென்று நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறது, அம்மா அழுகிறார். பின்னணியில் பியானோ. ‘முதன்முதலாக அம்மாவின் குரலைக் கேட்ட குழந்தை’ என்று தலைப்பு.

கணினிக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டுவதுதான் என் வேலை. தமிழ்நாட்டின் தென்மாவட்டம் ஒன்றில் ஆடியாலஜிஸ்டாக இருக்கிறேன். என் அறையில் அப்படிச் சிரித்த குழந்தைகள் குறைவு. பெரும்பாலான குழந்தைகள் மிரண்டு அழும். சில குழந்தைகள் உருட்டிக்கொண்டிருந்த காரை ஒரு நொடி நிறுத்திவிட்டு மறுபடி உருட்டப் போய்விடும். அந்த ஒரு நொடிதான் எனக்குக் கிடைக்கும் பதில். அதைத் தவறவிட்டால் அன்றைய வேலை போச்சு. வீடியோ பார்த்துவிட்டு வரும் பெற்றோருக்கு இது பெரிய ஏமாற்றம். “அந்தப் பாப்பா சிரிச்சுச்சே மேடம், எங்க பிள்ளை ஏன் அழுகுது? மிஷின் சரியில்லையா?” என்று கேட்பார்கள். மிஷின் சரியாகத்தான் இருக்கும். வாழ்க்கையில் முதன்முறையாகத் தலைக்குள் ஏதோ நடக்கிறது, அது என்னவென்று தெரியவில்லை என்றால் யார்தான் அழாமல் இருப்பார்கள்?

காக்ளியர் இம்ப்ளாண்ட் என்ற இந்தக் கருவியை மந்திரக்கோல் போலக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. அதற்காக அதை எதிர்ப்பவளும் இல்லை. பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைகள் பள்ளிக்கூட மேடையில் ஏறிப் பேசுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மருத்துவம் இதுவரை செய்த பெரிய காரியங்களில் இது ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்குள்ள கேள்வி வேறு. ஒரு வயதுக் குழந்தையின் தலைக்குள் ஒரு கருவியை வைக்கிறோம். அந்தக் குழந்தை எழுபது வயது வரை வாழும். அத்தனை ஆண்டுகளுக்கும் அந்தக் கருவிக்கு யார் பொறுப்பு?

கருவி வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லப்போவதற்கு அது வேண்டும். உள்காதில் நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட காக்ளியா இருக்கிறது. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் உள்மயிர்ச் செல்கள் அதில் சுமார் 3,500. பிறவிச் செவிடு என்றால் பெரும்பாலும் அந்தச் செல்கள் வேலை செய்யவில்லை என்று பொருள். அவற்றுக்குப் பின்னால் உள்ள நரம்பு நன்றாகவே இருக்கும். அறுவைச் சிகிச்சையில் மெல்லிய எலக்ட்ரோடு இழை ஒன்றைக் காக்ளியாவுக்குள் செருகுகிறார்கள். நிறுவனத்தைப் பொறுத்து அதில் 12, 16, 22 என்று எலக்ட்ரோடுகள் இருக்கும். 3,500 செல்கள் செய்த வேலையை இந்தப் பத்திருபது புள்ளிகள் செய்ய வேண்டும். உள்ளே இருக்கும் பகுதிக்கு பேட்டரி கிடையாது. காதுக்குப் பின்னால் மாட்டும் வெளிக்கருவிதான் ஒலியை வாங்கி, அலசி, காயில் என்ற கம்பிச்சுருள் வழியாகத் தோலைத் தாண்டி ரேடியோ அலையாக உள்ளே அனுப்புகிறது. மின்சாரமும் அதே வழியில்தான் போகிறது. காயிலைக் கழற்றினால் அந்தக் குழந்தைக்கு ஒன்றுமே கேட்காது.

பாரீஸில் 1957இல் ஜூர்னோவும் ஐரியேயும் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்ததில் இந்தக் கதை தொடங்குகிறது. பல எலக்ட்ரோடுகள் கொண்ட கருவியை மெல்பர்னில் கிரேம் கிளார்க் 1978இல் ஒருவருக்குப் பொருத்தினார். கிளார்க்கின் அப்பா மருந்துக்கடை வைத்திருந்தவர், காது மந்தமானவர். அமெரிக்காவில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 1990இல் அனுமதி கிடைத்தது. நம்மூரில் பணக்காரர்கள் மட்டுமே எட்டிப் பார்க்க முடிந்த இந்தச் சிகிச்சையை ஏழை வீட்டுக்குக் கொண்டுவந்தது அரசு. மாநிலத்தின் காப்பீட்டுத் திட்டமும், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் திட்டமும் இல்லையென்றால் என் அறைக்கு வரும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர் மகளும், ஆடு மேய்ப்பவர் பேரனும் பல லட்ச ரூபாய்க் கருவியை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். இதைச் சாதித்த மாநிலத்தில் இருந்துகொண்டுதான் இனி நான் சொல்லும் குறைகளையும் சொல்கிறேன்.

அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று வாரம்போல் ஆனதும் குழந்தை என்னிடம் வரும். ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் எவ்வளவு மின்சாரம் கொடுத்தால் லேசாகக் கேட்கத் தொடங்குகிறது, எவ்வளவு கொடுத்தால் இதற்கு மேல் தாங்காது என்று இரண்டு அளவுகளைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்தக் குழந்தையின் உலகம் முழுவதும் அடங்கும். கொலுசுச் சத்தமும் லாரி ஹாரனும் அந்தச் சின்ன இடைவெளிக்குள் பொருந்த வேண்டும். இதற்குப் பெயர் மேப்பிங். பெரியவர்கள் என்றால் ‘கேட்குது’, ‘போதும்’ என்று சொல்லிவிடுவார்கள். ஒரு வயதுக் குழந்தை என்ன சொல்லும்?

அதன் உடம்பு சொல்லும். உறிஞ்சிக்கொண்டிருந்த வாய் நிற்கும். கருவிழி ஒரு இம்மி நகரும். அம்மாவின் புடவையைப் பிடித்திருந்த விரல் இறுகும். அளவு கூடிவிட்டால் இமை படபடக்கும், உதடு பிதுங்கும், அதற்கு முன்பே கையை நிறுத்தியாக வேண்டும். ஒருமுறை வலிக்க வைத்துவிட்டால் கருவியைப் பார்த்தாலே தலையைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. மறுபடி பழக்க மாதக் கணக்காகும். சில எலக்ட்ரோடுகளைத் தூண்டும்போது ஒரு பக்கக் கண்ணிமை மட்டும் துடிக்கும். அது கேட்டதற்கான அடையாளம் இல்லை. பக்கத்தில் ஓடும் முகநரம்புக்கு மின்சாரம் கசிகிறது. திரையில் அந்த எலக்ட்ரோடு மற்றவற்றைப் போலவே பச்சையாக, நல்ல பிள்ளையாக நிற்கும். குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தவருக்கு இது தெரியாது. சற்று வளர்ந்த பிள்ளை என்றால் சத்தம் கேட்டதும் டப்பாவில் ஒரு கோலிக்குண்டு போடச் சொல்லிப் பழக்குவோம். அதிலும் கெட்டிக்காரப் பிள்ளைகள் உண்டு. என்னைத் திருப்திப்படுத்த வேண்டும் என்று சத்தமே கொடுக்காதபோதும் போடும். கணினியில் என் விரல் அசைவதைப் பார்த்துப் போடும்.

இந்த அளவுகளை நரம்பிடமே நேராகக் கேட்டுவிடலாம் என்று ஒரு வழி இருக்கிறது. எலக்ட்ரோடு தூண்டும்போது நரம்பு தரும் பதில் மின்னலையை அதே கருவி அளந்து சொல்லும். கைக்குழந்தைகளுக்கு இது பெரிய உதவி. இதை வைத்தும், ஆயிரக்கணக்கான பழைய மேப்களை வைத்தும் கணினியே முதல் அளவுகளைப் போட்டுக் கொடுக்கும் முறைகள் வந்துவிட்டன. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் ஃபாக்ஸ் என்றொரு மென்பொருளை உருவாக்கி ஆண்டுகள் ஆகின்றன. இனி செயற்கை நுண்ணறிவு மேப்பிங்கைச் செய்துவிடும், தாய் தன் வீட்டிலிருந்தே செல்போனில் சரிசெய்துகொள்ளலாம் என்கிறார்கள்.

வரட்டும். ராமநாதபுரத்துக் கடலோரக் கிராமத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற அம்மாவுக்கு அந்தப் பயணம் மிச்சமானால் நல்லதுதானே? தொலைவிலிருந்தே அளவைத் திருத்தும் வசதி வந்தபோது முதலில் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் நரம்பு பதில் சொல்வதும் குழந்தை கேட்பதும் ஒன்றல்ல. நரம்பின் பதிலுக்கும் குழந்தை உண்மையில் தாங்கும் அளவுக்கும் பொருத்தம் சுமார்தான் என்பது எங்கள் துறையில் எல்லோரும் அறிந்தது. கணினி தரும் எண் தொடக்கம். அதையே முடிவாக எடுத்துக்கொள்ளும் மையத்தில் மேப்பிங் சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். அந்த எண்கள் எந்தப் பிள்ளைகளிடமிருந்து எடுக்கப்பட்டவை, அவர்கள் என்ன மொழி பேசுகிறவர்கள் என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

மொழி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். டேனியல் லிங் வகுத்த ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைத்தான் உலகம் முழுக்க நாங்கள் தினசரிச் சோதனைக்கு வைத்திருக்கிறோம். தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை பேச்சுக்குத் தேவையான எல்லாவற்றையும் இந்த ஆறும் தொட்டுவிடும். ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு அது மட்டும் போதாது. இம்ப்ளாண்ட் வழியாக நேரம் நன்றாகத் தெரியும். ஒலியின் நுண்ணிய நிறம் அவ்வளவாகத் தெரியாது. அதனால் குறில் நெடில் எங்கள் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபடும். படம் வேறு, பாடம் வேறு என்று சில மாதங்களிலேயே கை காட்டிவிடும். படு, பட்டு என்பதும் அப்படித்தான். மாட்டிக்கொள்வது லகர ளகர ழகரத்தில், னகர ணகரத்தில். ‘மனம்’ என்றாலும் ‘மணம்’ என்றாலும் ஒரே மாதிரி விழித்துப் பார்க்கும். அப்போது மேப்பில் எந்த எலக்ட்ரோடுகளுக்கு நடுவே பிரச்சினை என்று தேடுவேன். கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, மறுபடி ‘பல்லி, பள்ளி’ சொல்லிப் பார்ப்பேன். சில பிள்ளைகளுக்குக் கடைசி வரை காதால் பிடிபடாது, வாக்கியத்தின் பொருளை வைத்துப் புரிந்துகொள்வார்கள். வானொலியில் ழகரத்தைக் கொல்லும் அறிவிப்பாளர்களை விட இவர்கள் எவ்வளவோ மேல்.

எந்தக் கையேட்டிலும் இல்லாத சங்கதிகளும் உண்டு. மொட்டை போடலாமா, காது குத்தலாமா என்று கேட்காத குடும்பம் இல்லை. குத்தலாம், போடலாம். ஆனால் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு வந்த பிள்ளைக்குக் காயிலில் உள்ள காந்தம் முன்பை விட இறுக்கிப் பிடிக்கும். நடுவில் இருந்த முடி போய்விட்டதே. தோல் சிவந்து புண்ணாவதற்குள் காந்தத்தைத் தளர்த்த வேண்டும். முடி வளர்ந்ததும் மறுபடி முறுக்க வேண்டும். சித்திரை வைகாசியில் வியர்வை உள்ளே இறங்கி மைக் அடைத்துக்கொள்ளும். ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போடுங்கள் என்றால் அரிசி டப்பாவில் போட்டு எடுத்து வருவார்கள், மைக் துளை முழுக்கத் தவிட்டுத் தூசி. ஐரோப்பாவில் சோதித்த கருவியை நம் வெயிலில் மாட்டி ஓட விடுகிறோம். அதன் ஆயுளுக்கு அங்கே போட்ட கணக்கு இங்கே செல்லாது.

இப்போது எனக்கு மிகவும் நெருடுகிற இடத்துக்கு வருகிறேன். இன்றைய வெளிக்கருவிகள் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்கின்றன. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தது, எத்தனை முறை காயில் கழன்றது, சுற்றிலும் பேச்சு எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு, டி.வி. போன்ற சத்தம் எவ்வளவு என்று கணினியில் செருகியதும் பட்டையாக வந்து நிற்கும். மேப்பிங்குக்கு இது அருமையான தகவல். மூளை ஒலியைப் பழகிக்கொள்ளும் காலம் குறுகியது. மூன்றரை வயதுக்குள் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகளின் மூளை கேட்கும் குழந்தைகளின் மூளையைப் போலவே பதில் தரத் தொடங்குகிறது, ஏழு வயதைத் தாண்டினால் கடினம் என்று அனு சர்மாவின் ஆய்வுகள் 2002இலேயே காட்டின. ஆக, அந்த வயதில் கருவி பெட்டிக்குள் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான்.

ஆனால் அந்தப் பட்டையை யார் எப்படிப் படிக்கிறார்கள் என்று பாருங்கள். “நாள் பூரா மாட்டித்தான் விடுறேன்” என்று அம்மா சொல்வார். திரை மூன்று மணி நேரம் என்று சொல்லும். அடுத்த நொடி அந்த அறையில் அவர் குற்றவாளி. பொய் சொல்லும் தாய், அக்கறை இல்லாத தாய், அரசு கொடுத்ததை வீணாக்கும் தாய். பக்கத்தில் மாமியார் இருந்தால் கேட்கவே வேண்டாம், பிள்ளை இப்படிப் பிறந்த நாளிலிருந்தே பழியைச் சுமப்பவர் அவர்தான். பிறவிச் செவிட்டுக்கான வாய்ப்பைக் கூட்டும், நெருங்கிய சொந்தத்தில் கட்டிக்கொடுக்கும் வழக்கம் நாட்டிலேயே அதிகமாக உள்ள மாநிலங்களில் நம்முடையது ஒன்று. மாமனுக்குக் கட்டி வைத்தது பெரியவர்கள் முடிவு. அதற்கான ஏச்சு மட்டும் அவருக்கு.

அப்படி ஒரு தாயிடம் திரையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டேன்.

“ஏம்மா, எப்பெப்பக் கழட்டுவீங்க?”

“பால்வாடிக்குப் போகயில கழட்டிருவேன் மேடம். அங்க பிள்ளைக பிடிச்சு இழுத்துருது. அப்புறம் நான் வேலைக்குப் போனா அத்தை கழட்டி பீரோவுல வச்சுருவாங்க.”

“அவங்க ஏன் கழட்டுறாங்க?”

“தொலைஞ்சா யாரு மேடம் வாங்கித் தருவா? எங்க வீட்டை வித்தா கூட அந்தக் காசு வராது.”

அந்த மூன்று மணி நேரத்துக்குக் காரணம் இதுதான். வீட்டில் உள்ள எல்லாப் பொருளையும் விட விலை உயர்ந்த பொருள் ஒரு மூன்று வயதுக் குழந்தையின் காதில் தொங்குகிறது. பயந்து பூட்டி வைக்கிறார்கள். கருவி அந்தப் பயத்தைப் பதிவு செய்யாது, மணி நேரத்தை மட்டும் பதிவு செய்யும். தொலைந்தால் மாற்றுக் கருவி கிடைக்கும் என்று எழுத்தில் ஓர் உறுதி கொடுத்துவிட்டால் அந்தப் பட்டை தானாக உயரும் என்று நான் நம்புகிறேன். தாயைத் திட்டுவதை விட அது செலவானது, அதனால் திட்டுகிறோம்.

இந்தப் பதிவுகள் என் கணினியோடு நிற்பதும் இல்லை. செல்போன் செயலி வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போகும் ஏற்பாடுகள் வந்துவிட்டன. ஒரு குழந்தை எப்போது விழிக்கிறது, அதன் வீட்டில் எவ்வளவு பேச்சுச் சத்தம் என்பதெல்லாம் அதன் குடும்பத்தின் அந்தரங்கம். நம் நாட்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக ஓடும் நிபந்தனைக்குக் கீழே உள்ள ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்துவதை ஒப்புதல் என்று எப்படிச் சொல்வது? செயலியை ஏற்றிக் கொடுக்கும்போது நான் தமிழில் வாயால் படித்துச் சொல்கிறேன். பெற்றோர் சிலர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னதும் நிறுத்தி வைக்கிறேன், மேப்பிங் அதனால் நின்றுவிடவில்லை.

பழுது விஷயம் இன்னும் கசப்பு. உள்ளே வைத்தது பல பத்தாண்டுகள் உழைக்கும்படி செய்யப்பட்டது. வெளிக்கருவி அப்படி இல்லை. ஆறேழு வருஷம் ஓடினால் நல்ல ஓட்டம். வயர் அறுந்தால் ஆயிரக்கணக்கில் ஆகும். காயில் போனால் பல குடும்பங்களின் ஒரு மாதச் சம்பளம். வெளிக்கருவியே போனால் லட்சங்கள். ‘இந்த மாடலுக்கு இனி உதிரிபாகம் வராது’ என்று நிறுவனத்திலிருந்து கடிதம் வரும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கருவி அன்றிலிருந்து ஒரு வயர் அறுகிற தூரத்தில் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, காயில் வாங்கக் காசு சேரும் வரை மாதக் கணக்கில் ஒன்றுமே கேட்காமல் வகுப்பில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பக்கத்துக் கேரளத்தில் ஸ்ருதிதரங்கம் திட்டத்தில் கருவி பெற்ற குழந்தைகளின் பழைய கருவிகளைப் பழுதுபார்க்கவும் மாற்றவும் வழியில்லாமல் குடும்பங்கள் தவித்தது 2023இல் பெரிய செய்தியானது. அரசுத் திட்டங்களுக்கு அறுவைச் சிகிச்சை நாள் கண்ணுக்குத் தெரிகிறது, புகைப்படம் எடுக்கலாம். எட்டாவது வருஷத்து வயரை யார் புகைப்படம் எடுப்பார்கள்?

இதைவிட மோசமாகவும் நடக்கலாம் என்பதற்குக் கண்ணில் ஓர் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் செகண்ட் சைட் என்ற நிறுவனம், பார்வை இழந்தவர்களின் விழித்திரையில் 60 எலக்ட்ரோடுகள் கொண்ட ஆர்கஸ் 2 என்ற கருவியைப் பொருத்தியது. அமெரிக்க அரசின் அனுமதி 2013இல் கிடைத்தது. உலகம் முழுவதும் 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டார்கள். நிறுவனம் 2019இல் அந்தக் கருவியைக் கைவிட்டது, 2020இல் ஊழியர்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டது. அதற்கு முன்பே நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கருவி பீப் பீப் என்று ஒலித்துவிட்டு நின்றுபோனது, அதன் பிறகு அது இயங்கவில்லை. கருவி பொருத்திய இன்னொருவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருந்தது, எடுக்கலாமா என்று கேட்டால் பதில் சொல்ல நிறுவனத்தில் ஆளில்லை. இதையெல்லாம் ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் இதழ் 2022இல் வெளிக்கொண்டு வந்தது. நிறுவனம் நட்டப்பட்டால் பங்கை விற்றுவிட்டுப் போகலாம், விழித்திரையை விற்றுவிட்டுப் போக முடியாது.

எங்கள் துறையிலும் கைமாற்றங்கள் நடக்காமல் இல்லை. பிரான்ஸின் நியூரெலெக் நிறுவனத்தை டென்மார்க்கின் டெமான்ட் குழுமம் 2013இல் வாங்கியது. அதுவும் ஓட்டிக்கான் மெடிக்கல் என்ற பெயரில் சில ஆண்டுகள் நடத்திவிட்டு, இம்ப்ளாண்ட் தொழிலை ஆஸ்திரேலியாவின் காக்ளியர் நிறுவனத்துக்கு 2024இல் கொடுத்துவிட்டது. பழைய பயனாளிகளுக்கு ஆதரவு தொடரும் என்று வாங்கியவர்கள் சொன்னார்கள், நல்லது. ஆனால் 2013க்கு முன் பொருத்திய ஒரு பிள்ளையின் தலைக்குள் இருப்பதற்கு இது மூன்றாவது முதலாளி என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளையை யாரும் கேட்கவில்லை. உள்கருவி ஒரு நிறுவனத்துடையது என்றால் வெளிக்கருவியும் அதே நிறுவனத்துடையதாகத்தான் இருக்க வேண்டும், வேறொன்றை மாட்ட முடியாது. செல்போன் சார்ஜருக்கு உலகம் ஒரே வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டது, காதுக்குக் கொண்டுவரவில்லை.

செவித்திறனற்றவர்களின் சமூகம் இந்தக் கருவியை ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறது என்பதும் எனக்கு இந்த வேலையில்தான் புரிந்தது. மிலான் நகரில் 1880இல் கூடிய கல்வியாளர்கள் சைகை மொழியைப் பள்ளிகளிலிருந்து ஒதுக்கத் தீர்மானித்தார்கள். வந்திருந்த 164 பேரில் காது கேளாதவர் ஒரே ஒருவர். அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவிக்க 2010இல் வான்கூவரில் கூடிய மாநாடு வரை ஆனது. அதற்குள் நூறாண்டுக்கு மேலாகப் பிள்ளைகளின் கைகளைக் கட்டிப்போட்டாயிற்று. இம்ப்ளாண்ட் வந்த பிறகு அதே பழக்கம் வேறு உருவத்தில் தொடர்கிறது. “சைகை காட்டாதீங்க, காட்டினா பேச்சு வராது” என்று பெற்றோரிடம் சொல்லும் மையங்கள் இன்றும் இருக்கின்றன. கேட்டுப் பழகும் பயிற்சிக்கென்று சில நேரங்களை ஒதுக்குவது வேறு, வீட்டில் கையை அசைக்கவே தடை போடுவது வேறு. எனக்குத் தெரிந்து, கருவி நன்றாகப் பலன் தந்த பிள்ளைக்குச் சைகையால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பலன் தராத பிள்ளைக்கோ, சைகையும் இல்லையென்றால் எந்த மொழியுமே இல்லாமல் போகிறது. ஐந்து வயது வரை மொழி இல்லாமல் வளர்ந்த குழந்தையைப் பார்த்திருக்கிறீர்களா? கோபம் மட்டுமே அதன் மொழியாக இருக்கும். இந்தியச் சைகை மொழிக்கென்று டெல்லியில் மத்திய நிறுவனம் 2015இல் வந்துவிட்டது, 10,000 சொற்களுடன் அகராதி 2021இல் வந்துவிட்டது. எங்கள் மாவட்டத்துத் தாய் ஒருவர் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் எங்கே போவார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதினாறு வயதில் ஒரு பையன் கருவியைக் கழற்றி என் மேசையில் வைத்தான். “மேடம், தலை வலிக்குது. என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் சைன்லதான் பேசுறாங்க. எனக்கு இது வேணாம்” என்றான், தெளிவாக, வாயால். அப்பா கொதித்துப் போனார். நான் தலைவலிக்கு மேப்பைப் பார்த்தேன். இரண்டு எலக்ட்ரோடுகளில் அளவு கூடுதலாக இருந்தது, குறைத்தேன். மாட்டுவதும் மாட்டாததும் அவன் விருப்பம் என்று அவன் அப்பாவிடம் சொன்னேன். இப்போது வகுப்பில் மாட்டுகிறான், மாலையில் கழற்றிவிடுகிறான். ஒரு வயதில் அவனுக்காக நாம் முடிவெடுத்தோம், எடுத்தாக வேண்டியிருந்தது. பதினாறு வயதிலும் நாமே எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

இன்னொரு பக்கம், கருவி பொருத்தியதாலேயே ‘இனி மாற்றுத்திறனாளி இல்லையே, சான்றிதழ் எதற்கு’ என்று கேட்கும் அலுவலர்களைப் பார்க்கிறோம். கருவியைக் கழற்றிய நிமிடம் ஒன்றும் கேட்காத பிள்ளை எப்படி மாற்றுத்திறனாளி இல்லாமல் போகும்? குளிக்கும்போது, தூங்கும்போது, பேட்டரி தீர்ந்த பஸ் பயணத்தில் அது முழுச் செவிடுதான். கருவி வந்துவிட்டது என்று சலுகையைப் பிடுங்குவதும், கருவி பழுதானால் கைவிடுவதும் சேர்ந்து நடக்கும்போது பிள்ளை நடுவில் சிக்கிக்கொள்கிறது.

அடுத்த அலை வந்துகொண்டிருக்கிறது. ஷாங்காயில் ஓட்டாஃப் என்ற மரபணுக் குறையால் காது கேட்காத ஆறு குழந்தைகளுக்கு உள்காதில் மரபணுவைச் செலுத்தி, அவர்களில் ஐந்து பேருக்குக் கேட்கத் தொடங்கியதை லான்செட் இதழ் 2024 ஜனவரியில் வெளியிட்டது. பிறவிச் செவிட்டில் அந்தக் குறை ஒரு சிறு பங்குதான். என்றாலும் செய்தி வந்த வாரத்திலேயே “ஆபரேஷன் வேணாம், அந்த ஊசி வரட்டும்னு காத்திருக்கலாமா?” என்று பெற்றோர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அறிவியல் வந்து சேரும் வரை மூளையின் கடிகாரம் நிற்காது, காத்திருக்காதீர்கள் என்பதுதான் என் பதில். மரபணுச் சோதனை செய்யாமலே ஊசிக்காக இரண்டு வருஷம் போக்கினால் அந்த இரண்டு வருஷம் திரும்பி வராது.

பெற்றோரே, கையெழுத்துப் போடும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள். உங்களைப் படிக்காதவர்கள் என்று யாராவது முறைத்தாலும் கேளுங்கள். இந்த மாடலுக்கு எத்தனை வருஷம் உதிரிபாகம் கிடைக்கும், எழுத்தில் தருவீர்களா? தொலைந்தால் யார் தருவார்கள்? நிறுவனம் கைமாறினால் என் பிள்ளைக்கு யார் பொறுப்பு? என் பிள்ளையின் தகவல் எங்கே போகிறது? பேச்சு வரவில்லை என்றால் சைகை மொழி சொல்லித் தர யார் இருக்கிறார்கள்? பிறந்த குழந்தைக்குக் காது சோதனையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். சந்தேகம் வந்தால் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். திட்டம் தீட்டும் அதிகாரிகளிடம் கேட்பது ஒன்றுதான்: அறுவைச் சிகிச்சைக்கு ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாயோடும் அந்தப் பிள்ளையின் பள்ளிப் படிப்பு முடியும் வரைக்குமான வயருக்கும் காயிலுக்கும் மாற்றுக் கருவிக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். அதற்குப் பணமில்லை என்றால் பொருத்தும் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்வதை நிறுத்துங்கள்.